"சும்மா" என்று எழுதப்பட்ட சிகரட்: கொழும்பில் ஒரு நிகழ்வு ஆய்வு

சிகரட்டை விடுவதற்காக என்னிடம் உளச்சிகிச்சைக்கு வந்த ஒருவரிடம் இந்த நிகழ்வை எழுதலாமா என்று கேட்டபோது அவர் ஒரேயொரு நிபந்தனைதான் வைத்தார். "கடையின்ர பேர் வரக்கூடாது மிஸ்." கடையின் பெயரும் இங்கே இல்லை, அவருடைய பெயரும் இல்லை. ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். கடைப் பொடியன்கள் கூப்பிடுவதுபோல இங்கேயும் அவர் முதலாளி.

வந்த நிலை

வயது 50. பழைய சோனகத் தெருப் பக்கம் ஹாட்வெயார் மொத்தக்கடை. வீடு கொட்டாஞ்சேனையில், தொடர்மாடி ஒன்றின் மூன்றாம் மாடி. மனைவி, 19 வயது மகன், பள்ளிக்கூடம் போகும் மகள். சொந்த ஊர் வடமராட்சி. கொழும்புக்கு வந்தது 1996இல்.

2023 ஆடியில் நெஞ்சுநோவோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இதயக் குழாய் ஒன்றில் அடைப்பு, ஸ்டென்ட் வைத்தார்கள். வார்டில் இருந்த 4 நாளும் அவர் புகைக்கவில்லை. வீட்டுக்கு வந்த அன்றிரவே பல்கனியில் நின்று பத்தினார். இரண்டு கிழமை கழித்துக் கிளினிக்குக்குப் போனபோது சட்டைப்பையில் பெட்டி துருத்திக்கொண்டு நின்றது. வைத்தியர் எனக்கு ஒரு துண்டு எழுதி அனுப்பினார்: நாளொன்றுக்கு 35 சிகரட், பலமுறை அறிவுரை சொல்லியாயிற்று, பலனில்லை.

முதல் நாள் மனைவியும் கூட வந்தார். பாதி நேரம் அவர்தான் கதைத்தார். ஒரு சிகரட் 100 ரூபாயைத் தாண்டிவிட்ட காலம். மாதம் லட்சத்துக்கு மேல் புகையாகப் போகிறது என்றார், அழுதார். கடைசியில், "சஷ்டிக்கு ஆறு நாளும் ஒண்டும் தொடமாட்டார் மிஸ். முருகனுக்காக விடலாம், எங்களுக்காக விட ஏலாதாம்" என்றார். முதலாளி நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அந்த வசனத்தைக் குடும்ப மனத்தாங்கல் என்று குறித்துவைத்தேன். அது மனத்தாங்கல் மட்டுமல்ல, ஒரு தடயம் என்று விளங்க எனக்கு இரண்டு மாதம் எடுத்தது.

அப்புறம் அவரோடு தனியாக இருந்தபோது நான் கேட்ட முதல் கேள்வி, "சிகரட் உங்களுக்கு என்ன செய்து தருது ஐயா?" அவர் நிமிர்ந்து பார்த்தார். "எல்லாரும் என்ன கெடுக்குது எண்டுதான் கேட்டவை." உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் எழுதத் தொடங்கி, பின்னர் ஸ்டீபன் ரொல்னிக்கோடு சேர்ந்து வளர்த்தெடுத்த ஊக்கமூட்டும் நேர்காணல் முறை, அறிவுரை சொல்லாமல் மாறுவதற்கான காரணத்தை ஆளின் வாயிலிருந்தே வரவைக்கும் முறை, பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். புகைத்தலின் கேடு தெரியாத ஒருவர் என் முன்னால் இருக்கவில்லை. பெட்டியின் 80 வீதத்தையும் மூடியிருக்கும் எச்சரிக்கைப் படத்தைப் பார்க்க மனம் கூசி, சிகரட்டுகளை எடுத்து ஒரு பழைய தகர டப்பாவுக்குள் போட்டு வைத்திருந்தவர் அவர். தெரிந்த ஒன்றைத் திரும்பச் சொல்வது அவரை இன்னும் ஒளிக்கத்தான் வைக்கும்.

உடம்பு நிக்கொட்டினில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று பார்க்க ஃபேகர்ஸ்ட்ரோம் வினாக்கொத்தைப் பயன்படுத்தினேன். ஆறு கேள்வி, மொத்தம் 10 புள்ளி. எழும்பி 5 நிமிடத்துக்குள் முதல் சிகரட்: 3 புள்ளி. நாளுக்கு 31 அல்லது அதற்கு மேல்: இன்னும் 3. தடைசெய்த இடத்தில் அடக்கிக்கொண்டு இருப்பது கஷ்டம், காய்ச்சலில் படுத்தாலும் புகைப்பார்: தலா 1. மொத்தம் 8, மிகக் கடுமையான தங்கியிருப்பு. அவருக்குப் பூச்சியம் வந்த இரண்டு கேள்விகளில் ஒன்றுதான் இங்கே முக்கியம். விடுவதற்கு மிகவும் கஷ்டமான சிகரட் எது என்ற கேள்வி அது. காலையில் முதலாவது என்றால் 1 புள்ளி, வேறு எதுவென்றாலும் புள்ளி இல்லை. அவர் "ராத்திரி" என்றார். பூச்சியம் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். இந்த நிகழ்வில் நான் விட்ட முதல் பிழை அது. புள்ளி கிடைக்காத இடத்தில்தான் ஆள் இருந்தார்.

கொப்பி

வியாபாரி என்பதால் கணக்கு எழுதச் சொன்னேன். ஒவ்வொரு சிகரட்டுக்கும் நேரம், இடம், எதற்கு. நீளமான கணக்குக் கொப்பி ஒன்றில், பற்று வரவு எழுதுகிற அதே சீர்மையில் எழுதிக்கொண்டு வந்தார்.

5.40, குளியலறை, "எழும்பினது." 6.10, "தேத்தண்ணி." 8.55, "கடை திறக்க." 10.20, "கம்பிக்காரன் விலை ஏத்திட்டான்." 11.05, "கடன்காரர் போன் எடுக்கேல்லை." 11.15, "திரும்பவும் எடுக்கேல்லை." இப்படிப் பக்கம் பக்கமாக. ஒரு கிழமைக்கு 241 சிகரட். இருவருமாக நிறப் பென்சில் வைத்துப் பிரித்தோம். பாதிக்கு மேல் உடம்பு கேட்டது. நிக்கொட்டின் புகையோடு உள்ளே போய் 10, 20 விநாடிக்குள் மூளையைத் தொடும், ஆனால் இரண்டு மணித்தியாலத்துக்குள் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். இவரைப்போல் கடுமையாகப் புகைப்பவரின் உடம்பு இறங்கும் அந்த அளவைத் தாங்காமல் அரைமணிக்கொருதரம் கேட்கும். இரவு முழுவதும் அளவு விழுந்துகிடப்பதால்தான் காலையில் பல்விளக்க முன்னமே கை தேடுகிறது. அதை விளங்கப்படுத்தியபோது, "அப்ப நான் உருசிக்குப் பத்தேல்லை, நடுக்கத்தை நிப்பாட்டப் பத்திறன்" என்றார். நான் அரைமணி நேரம் விளங்கப்படுத்தியதை ஒரே வசனத்தில் சொல்லிவிட்டார்.

கால்வாசிக்கு மேல் கடைச் சிகரட்: விலை, கடன், லொறி பிந்தினது. மிச்சம் இரவில். 11.30, 12.15, 1.10, சில நாளில் 2.40. எல்லாம் பல்கனியில். எதற்கு என்ற இடத்தில் ஒவ்வொரு இரவும் ஒரே சொல்: "சும்மா." கம்பிக்காரனின் விலையைக்கூட விபரமாக எழுதியவர், இரவில் மட்டும் ஏன் சும்மா என்று எழுதினார்? அந்தக் கேள்வி அன்று எனக்கு வரவில்லை.

முதல் முயற்சி

கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதா, ஒரே நாளில் நிறுத்துவதா என்று கேட்டார். 2016இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில், ஒரேயடியாக நிறுத்தியவர்களில் 49 வீதமானோர் 4 கிழமை கழிந்தும் புகைக்காமல் இருந்தார்கள், படிப்படியாகக் குறைத்தவர்களில் 39 வீதத்தினர். அதைச் சொன்னேன். அவரும் "இழுத்தடிக்கிற கடன் வராது மிஸ்" என்று ஒரே நாளைத் தெரிவுசெய்தார். செப்டெம்பர் போயா, கடை பூட்டு.

ரொறன்ரோவிலிருக்கும் தங்கை 4 மில்லிகிராம் நிக்கொட்டின் சூயிங்கம் அனுப்பினார். இதய வைத்தியரிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகுதான் தொடங்கினோம். முதல் நாள் விக்கல், வயிற்றெரிவு. எப்படிச் சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், வெற்றிலை மாதிரி விடாமல் சப்பி எச்சிலை விழுங்கியிருக்கிறார். அந்தக் கம்மை நாலைந்து தரம் மென்று, காரம் ஏறியதும் கன்னத்துக்கும் முரசுக்கும் இடையில் ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் அடங்கினால் திரும்ப மெல்லலாம். நிக்கொட்டின் வாயின் தோல் வழியாகத்தான் ஏற வேண்டும், வயிற்றுக்குள் போனால் எரிவு மட்டும்தான். என் முன்னாலேயே ஒன்றை வாயில் போட்டுப் பழக வைத்தேன்.

தேத்தண்ணி இன்னொரு சிக்கல். நாளுக்குப் பத்துப் பிளேன்டீ குடிப்பவர். தேத்தண்ணி குடித்த கையோடு கம்மைப் போட்டால் வாயின் புளிப்பில் நிக்கொட்டின் சரியாக ஏறாது, கால்மணி இடைவெளி வேண்டும். அதைவிட முக்கியமான ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. சிகரட் புகையிலுள்ள சில இரசாயனங்கள் ஈரலை உசுப்பி, தேயிலையிலும் கோப்பியிலுமுள்ள கஃபீனை வேகமாக அழிக்க வைக்கின்றன. புகைத்தலை நிறுத்தினால் அந்த வேகம் போய்விடும். அதே பத்துத் தேத்தண்ணி குடித்தாலும் இரத்தத்தில் கஃபீன் முந்தியதைவிட இரட்டிப்பளவுக்கு ஏறலாம். கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், நித்திரை வராது. ஆள், "சிகரட் இல்லாததாலதான்" என்று நினைத்துத் திரும்பவும் பத்துவார். அதனால் நிறுத்திய நாளிலிருந்தே தேத்தண்ணியைப் பாதியாக்கச் சொன்னேன். ஐந்தாகக் குறைத்தார். கடைப் பொடியன்களுக்கு நம்ப முடியவில்லை.

மூன்றாம் நாள் மிக மோசம். கடையில் ஒருவரை ஏசிவிட்டார், பிறகு கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். ஐந்தாம் நாளிலிருந்து இறங்கத் தொடங்கியது. எட்டாம் நாள் எனக்குப் போன் எடுத்து, "மீன் குழம்பின்ர மணம் படியிலேயே தெரியுது மிஸ்" என்றார். எனக்கும் சந்தோஷம்.

ஒன்பதாம் நாள் இரவு பத்திவிட்டார். அடுத்த நாள் 14. அதற்கடுத்த நாள் 30. குறித்த நேரத்துக்கு வரவும் இல்லை.

சறுக்கல் ஒன்று, முழுக்க விழுவது வேறொன்று. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கடக்க வைப்பது பெரும்பாலும் வெட்கம்தான். "ஒண்டு பத்தியாச்சு, இனி என்ன" என்ற நினைப்பை உளவியலாளர் ஆலன் மார்லட் 1980களில் விரிவாக எழுதியிருக்கிறார். அதனால் நானே அழைத்தேன். ஏன் பத்தினீர்கள் என்று கேட்கவில்லை. பத்துவதற்கு முன் நடந்ததை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள் என்றேன்.

நேரில் வந்து சொன்னார். விடிய 1.20. முழிப்பு வந்தது. கீழே றோட்டில் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. எஞ்சின் நிற்கவில்லை. எழும்பிப் பல்கனிக்குப் போனார். சாப்பாடு கொண்டு வந்த பொடியன். அவன் போய்விட்டான். இவர் படி இறங்கி, இரண்டாம் மாடி மின்மானிப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த ஒற்றைச் சிகரட்டை எடுத்தார்.

"ஆசையா இருந்ததோ?"

"இல்லை மிஸ். ஆசை இல்லை. சும்மா நிண்டா ஒரு மாதிரி."

அந்தச் சும்மா அப்போதுதான் எனக்குக் காதில் விழுந்தது. கொப்பியை எடுத்தேன். சஷ்டிக்கு ஆறு நாள் எங்கே படுப்பீர்கள் என்று கேட்டேன். செல்வச்சந்நிதி முருகன் கோயிலில், மடத்தில். ஒவ்வொரு வருடமும் அங்கேதான். "எத்தனை பேர்?" "அது கன சனம். பாய் போட்டால் காலும் தலையும் முட்டும்." ஆஸ்பத்திரியில்? வார்டு நிறைய ஆட்கள், நேர்ஸ்மார் விடியும்வரை நடந்து திரிந்தார்கள். "நித்திரை கொண்டீர்களோ?" கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு இடத்திலயும் நல்லாக் கொண்டனான்."

முருகனுக்காக விட்டார், எங்களுக்காக விடவில்லை என்ற மனைவியின் கணக்கு அந்த இடத்தில் மாறியது. அவர் சிகரட்டை விடக்கூடியவராக இருந்தது, வேறு யாரோ முழித்திருந்த இரவுகளில்.

லொட்ஜ்

1996 ஜனவரி 31இல் மத்திய வங்கிக் குண்டுவெடிப்பு. அதற்குச் சில மாதம் கழித்து அவர் கொழும்புக்கு வந்தார், வயது 23. கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜ் அறை, ஆறு பேர். அந்தக் காலத்தில் இங்கிருந்த தமிழருக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, நடுச்சாமத்தில் கதவுத் தட்டல். நித்திரைக் கலக்கத்தில் பதில் தடுமாறினால் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம். அதனால் ஒருவர் மாறி ஒருவர் முழித்திருந்தார்கள். முழித்திருப்பவருக்குப் பொதுப் பெட்டியிலிருந்து சிகரட். அதுவரைக்கும் அவர் புகைத்ததே இல்லை.

"எனக்கு நித்திரை வராது, நான் இருக்கிறன் எண்டு மற்றவையின்ர முறையையும் நான்தான் எடுத்தனான்" என்றார். பிறகு ஒருவர் கனடா, இருவர் லண்டன், ஒருவர் சுவிஸ். மற்றவர் திரும்பி ஊருக்கு. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளிலிருந்து நூற்றுக்கணக்கான தமிழர்களை பஸ்ஸில் ஏற்றி அனுப்பியபோது அவர் சொந்த வீட்டில், கைக்குழந்தையோடு இருந்தார். உயர் நீதிமன்றம் மறுநாளே அதை இடைநிறுத்தியது. ஆனால் அந்தக் கிழமை முழுவதும் இரவில் அவர் கண்மூடவில்லை.

நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய்க்கான (PTSD) அறிகுறிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன், மனநல வைத்தியர் ஒருவரோடும் கலந்து பேசினேன். முழு நோயாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. கெட்ட கனவு இல்லை, பழைய இடங்களைத் தவிர்ப்பதும் இல்லை. பகலில் அந்த லொட்ஜ் இருந்த தெருவாலேயே கோயிலுக்குப் போகிறவர். இரவுக் காவல் மட்டும் மிஞ்சியிருந்தது. காவல் காரணமே இல்லாமல் உடம்பில் நின்றுவிட்டது, சிகரட் அதற்குத் துணை. நிக்கொட்டின் தங்கியிருப்பும் பொய்யில்லை, 35இல் பெரும்பகுதி அதுதான். ஆனால் கம்மால் பகலை வெல்லலாம். இரவில் அந்த ஒன்று மிஞ்சினால் அடுத்த நாள் 14, அதற்கடுத்த நாள் 30. மற்ற எல்லாச் சிகரட்டையும் கட்டி இழுக்கும் கயிறு எந்தச் சிகரட் என்று கண்டுபிடிப்பதுதான் தனியாள் உளச்சிகிச்சையின் வேலை என்று நான் நினைக்கிறேன். சுவரொட்டியாலும் எச்சரிக்கைப் படத்தாலும் அதைச் செய்ய முடியாது.

இரண்டாவது திகதி

சஷ்டிக்கு ஐந்து கிழமை இருந்தது. இந்த முறை திகதியை அவரே சொன்னார்: சஷ்டி தொடங்கும் நாள். நான் முதலில் உடன்படவில்லை. சந்நிதியில் வெல்வது அவருக்குப் புதிதில்லை, ஏழாம் நாள் கொட்டாஞ்சேனையில்தான் பரீட்சை. அவர் விடவில்லை. "உடம்பு படுற பாடு முதல் கிழமைதானே மிஸ். அதை அங்க பட்டிட்டு வாறன். இங்க வந்தா ராத்திரி மட்டும்தான் மிச்சம்." யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. தன் பலம் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த ஐந்து கிழமையும் வீட்டு இரவைத்தான் பழக்கினோம், சிகரட்டைப் பற்றிக் கதைத்தது குறைவு. கதவு பூட்டும் பொறுப்பு மகனுக்கு. 10.30க்குப் பூட்டி, திறப்பைக் கொழுவிவிட்டு, "பூட்டியாச்சு அப்பா" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முதல் கிழமை முதலாளி எழும்பிப் போய் இழுத்துப் பார்த்தார், மூன்று தரம். நான்காம் கிழமை ஒரு தரம். நித்திரை முறிந்தால் பல்கனிக்குப் போகாமல் படுக்கையில் கிடந்து றோட்டுச் சத்தத்தைக் கேட்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லிக்கொண்டு: ஓட்டோ, நாய், பக்கத்து வீட்டு வோட்டர் மோட்டர். 5 நிமிடம், பிறகு 10, பிறகு 20. உந்துதல் எந்த உயரத்துக்கு ஏறுகிறது என்று 10க்குப் புள்ளி போட வேண்டும். சில நிமிடத்தில் ஏறி, உச்சத்தில் நின்று, தானாக இறங்கும். அதை அவர் நம்பவில்லை. தானே எழுதிய புள்ளிகளைப் பார்த்துத்தான் நம்பினார்: 8, 8, 9, 6, 4, 3.

மின்மானிப் பெட்டியை மகனும் அவருமாகப் போய்த் துடைத்தார்கள். மனைவியோடு தனியாக ஒரு அமர்வு. புகை மணக்கிறதா என்று சட்டையை மோந்து பார்ப்பதை நிறுத்தும்படி கேட்டேன். அவருக்கு அது கஷ்டமாக இருந்தது, ஆனாலும் செய்தார்.

நவம்பர் நடுவில் சந்நிதிக்குப் போனார். கம்மோடு, தேத்தண்ணியைப் பாதியாக்கிக்கொண்டு. சூரன்போர் முடிந்து, பாறணை முடிந்து, வழக்கமாக அன்று மாலையே பத்துகிறவர் பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்தார். முதல் மூன்று இரவும் சரியான நித்திரை இல்லை. நான்காம் இரவு 2 மணிக்கு மனைவியை எழுப்பி, "கொஞ்சம் முழிச்சிரு" என்றாராம். மனைவி கட்டிலில் எழும்பி இருந்தார். இவர் நித்திரை கொண்டுவிட்டார். மனைவி விடியும்வரை படுக்கவில்லை. இதைச் சொல்லும்போது அந்த அம்மா அழுதார், முதல் நாள் அழுத அழுகை அல்ல அது.

பின்தொடர்தல்

மொத்தம் 14 அமர்வுகள். கிளினிக்கில் மூச்சை ஊதி, சிகரட் புகையோடு உள்ளே போகும் காபன் மோனொக்சைட் வாயுவின் அளவைப் பார்த்தார்கள்: தொடக்கத்தில் பத்து லட்சத்துக்கு 31 பங்கு, மூன்றாம் மாதத்தில் 2. ஐந்தாம் மாதம் ஒரு செத்தவீட்டில் ஒன்று பத்தினார், லண்டனிலிருந்து வந்த பழைய அறைத்தோழரோடு. அன்றிரவே எனக்குச் செய்தி அனுப்பினார். அடுத்த நாள் பூச்சியம். ஒரு வருடம் முடிய, 2024 நவம்பரில், அந்த ஒன்றைத் தவிர வேறில்லை. நிறை 4 கிலோ கூடியிருக்கிறது, சீனி எல்லைக்கோட்டில் நிற்கிறது. பின்னேரங்களில் காலிமுகத்திடலில் நடக்கிறார். நித்திரை ஐந்தரை மணித்தியாலம். அதற்கு மேல் கூடவில்லை.

ஒரு நிகழ்வை வைத்து எல்லோருக்கும் சொல்ல முடியாது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் 2017 மீளாய்வு 49 ஆய்வுகளை, ஏறத்தாழ 19,000 பேரைச் சேர்த்துப் பார்த்தது. தனியாள் ஆலோசனை, குறைந்தளவு உதவியோடு ஒப்பிட்டால், விடும் வாய்ப்பை 40 தொடக்கம் 80 வீதம்வரை கூட்டுகிறது என்றது. சிறிய வாய்ப்பொன்று கொஞ்சம் பெரிதாகிறது, அவ்வளவுதான். பலர் அப்படியும் விழுவார்கள். இவருக்குக்கூட கம் இல்லாமல், தங்கை இல்லாமல், கதவைப் பூட்டும் மகன் இல்லாமல் என் அறையில் நடந்தது மட்டும் போதியிருக்காது. ஆனால் 14 அமர்வுக்கு நேரமும் காசும் இங்கே எத்தனை பேருக்கு உண்டு என்பது என்னை உறுத்துகிறது. 1948 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் விடுவதற்கான ஆலோசனை கிடைக்கும். முதலாவது படியாக அதை எல்லோருக்கும் சொல்கிறேன். அங்கே தொடங்கி இரவுச் சிகரட்டில் நின்றுவிடுகிறவர்களுக்கு, தமிழில் ஆறுதலாக இருந்து கேட்க இன்னும் ஆட்கள் வேண்டும்.

மகனுக்கு லொட்ஜ் கதையைச் சொன்னீர்களா என்று கடைசி அமர்வில் கேட்டேன். இல்லை என்றார். சொல்ல விருப்பமில்லை, அவன் நிம்மதியாக நித்திரை கொள்கிறான் என்றார். நான் வற்புறுத்தவில்லை. கொப்பியைத் திருப்பித் தந்தபோது கடைசிப் பக்கத்தைக் காட்டினார். அவர் இன்னும் எழுதுகிறார், கிழமைக்கு ஒன்றிரண்டு வரி. முந்தைய இரவுக்கான வரி இப்படி இருந்தது: "1.35. எழும்பினன். தண்ணி குடிச்சன். படுத்திட்டன்."